பாட்டம் சர்ஜரி (ஆணுறுப்பை உருவாக்கும் அறுவை சிகிச்சை): திருநம்பிகளின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மெட்டா, ஃபல்லோ இரண்டில் எது நல்லது டாக்டர்?

உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நான் பதில் சொல்ல முடியாது. மெட்டாய்டியோபிளாஸ்டியில் (மெட்டா), டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனால் வளர்ந்த உங்கள் சொந்தக் கிளிட்டோரிஸையே (பெண்குறிக் காம்பு), இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்து வெளியே நீட்டுகிறோம். உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும், தானாகவே விறைக்கும். ஆனால் அளவு சிறியது. பலருக்கும் ஊடுருவும் உடலுறவுக்குப் போதாது. ஃபல்லோபிளாஸ்டியில் (ஃபல்லோ) முன்கை அல்லது தொடைத் தோலை எடுத்து உறுப்பை உருவாக்குவதால் அளவு கிடைக்கும். அதற்குப் பல கட்ட அறுவை சிகிச்சையும், கையிலோ தொடையிலோ பெரிய தழும்பும் உண்டு. மெட்டா செய்தவர் பின்னாளில் ஃபல்லோவுக்குப் போகலாம், அந்தக் கதவு மூடுவதில்லை.

முன்கைத் தோலை எடுத்தால் கை பழையபடி இருக்குமா?

தோலோடு ரேடியல் தமனியையும் நரம்புகளையும் எடுப்பதால் இது நியாயமான பயம். அதனால்தான் முன்பே ஒரு சோதனை செய்கிறோம். முஷ்டியை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்துவேன். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விட்டதும் சில நொடிகளில் சிவப்பு திரும்பினால், அந்த ஒரு தமனியே கைக்குப் போதும். திரும்பாவிட்டால் தொடைத் தோலைப் பார்ப்போம். வழக்கமாக, எழுதாத கையில்தான் எடுப்போம்.

அந்தத் தோலின் ஒரு பகுதியைச் சுருட்டி உள்ளே சிறுநீர்க் குழாயாகவும், மீதியை அதன்மேல் உறுப்பாகவும் சுற்றுகிறோம். உள்ளே போகும் பகுதியில் முடி இருக்கக்கூடாது. இருந்தால் கல்லும் தொற்றும் வரும். மின்சாரத்தால் முடியை வேரோடு அழிக்கும் எலக்ட்ராலிசிஸுக்குப் பல மாதம் ஆகும், இப்போதே தொடங்குங்கள்.

நின்றபடி சிறுநீர் கழிக்க முடியுமா?

முடியும். ஆனால் அதிகம் தொல்லை தருவதும் இந்தக் குழாய்தான். இணைப்பில் ஓட்டை விழுந்து கசியலாம். சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிவிடும். குழாய் சுருங்கினால் அப்படி விட முடியாது. சிறுநீர் மெலிதாக வந்தாலோ, முக்க வேண்டியிருந்தாலோ உடனே வாருங்கள். நின்று கழிப்பது முக்கியமில்லை என்றால் குழாயை நீட்டாமலே செய்துகொள்ளலாம், சிக்கல் வெகுவாகக் குறையும்.

ஃபல்லோவில் உணர்ச்சி வருமா? விறைப்பு?

முன்கை நரம்பை அடிவயிற்று நரம்போடும், கிளிட்டோரிஸின் ஒரு நரம்போடும் தைக்கிறோம். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விறைப்புக்கான கருவியை உணர்ச்சி திரும்பிய பிறகே, பொதுவாக ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, உள்ளே வைப்போம். மரத்த தோலுக்குள் வைத்தால் அது துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இது சோதனை முயற்சிதானே என்கிறார் அப்பா.

1946இலேயே இங்கிலாந்தில் சர் ஹரால்ட் கில்லீஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், மைக்கேல் தில்லன் என்ற திருநம்பிக்கு ஃபல்லோவைத் தொடங்கினார். போரில் காயம்பட்ட ஆண்களுக்குச் செய்து பழகிய கை அது. முன்கை முறை 1984இல் சீனாவிலிருந்து வந்தது. அப்பாவையும் அடுத்த முறை கூட்டி வாருங்கள், நானே பேசுகிறேன்.

சிகரெட்டைக் குறைத்தால் போதுமா?

போதாது. நிகோடின் அந்த மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தைத்த தோலே செத்துப்போகலாம். மூன்று மாதம் அடியோடு விட்டவருக்குத்தான் நான் தேதி கொடுப்பேன்.