ஆர்.வி. பயணத்துக்கு எந்த கிரில்? முதலில் வண்டியின் கேஸ் இணைப்பைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். தங்கிச் சமைக்கும் வசதியுள்ள ஆர்.வி. வண்டியில் அடிக்கடி முகாம் போகிறோம். வெளியே வைத்துச் சமைக்க, தூக்கிச் செல்லக்கூடிய கிரில் ஒன்று வாங்கவேண்டும். வண்டியின் பக்கவாட்டில் கேஸ் இணைப்பு ஒன்று இருக்கிறது. எந்த கிரில்லை வாங்கினாலும் அதில் மாட்டிக்கொள்ளலாமா? கரி, கேஸ், மின்சாரம் மூன்றில் எது சரிப்படும்? எத்தனை பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) இருந்தால் போதும்?

பதில்: எல்லா கிரில்லையும் அப்படியே மாட்டிவிட முடியாது. கடையில் கிடைக்கும் சின்ன கேஸ் கிரில்களில் பெரும்பாலானவை உங்கள் வண்டி இணைப்பில் சரியாக எரியாது. ஆகவே கிரில்லின் அளவையும் விலையையும் பார்க்கும் முன், அந்த இணைப்பில் என்ன அழுத்தத்தில் கேஸ் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாத் தேர்வும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

வண்டியின் சிலிண்டருக்குள் புரொப்பேன் என்ற கேஸ் திரவமாக இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் அழுத்தம் ஏறக்குறைய 7 பார். சிலிண்டரை ஒட்டியே இருக்கும் இரண்டு கட்ட ரெகுலேட்டர் அதை 11 அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 27 மில்லிபாருக்கு இறக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் இந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. இது வட அமெரிக்க வண்டிகளின் கணக்கு. புதிய ஐரோப்பிய கேரவன்களில் 30 மில்லிபார், வித்தியாசம் சொற்பம். பக்கவாட்டு இணைப்பிலும் பெரும்பாலும் இந்தக் குறைந்த அழுத்த கேஸ்தான் வரும்.

ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் சிலிண்டரில் ஓடும் சின்ன கிரில்லில் குமிழோடு சேர்ந்தே ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அது 7 பார் வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. ஏற்கெனவே இறக்கப்பட்ட கேஸை அதற்குள் விட்டால், இருக்கிற கொஞ்ச அழுத்தமும் அதைக் கடப்பதிலேயே போய்விடும். பர்னரில் நீலமாக ஒரு மெல்லிய கோடு தெரியும். தட்டு சூடாகவே செய்யாது. கிரில்லில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கோளாறு கிரில்லில் இல்லை. ரெகுலேட்டருக்குப் பின்னால் இன்னொரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, ரெகுலேட்டரே இல்லாமல் குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த ஆர்.வி. கிரில்லை வாங்குவது. பெரும்பாலும் வண்டியின் பக்கத்திலேயே சமைப்பவர்களுக்கு இதுவே சிறந்தது. சிலிண்டர் தூக்கவேண்டாம், வண்டியின் பெரிய சிலிண்டரிலிருந்தே கேஸ் வரும். ஆனால் இதை வண்டியை விட்டுத் தள்ளி, ஆற்றங்கரைக்கோ பொது மேசைக்கோ எடுத்துப்போக முடியாது.

இரண்டாவது, கழற்றக்கூடிய ரெகுலேட்டர் உள்ள கிரில். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ரெகுலேட்டர் வெளியே விடுவதும் 11 அங்குல அழுத்தமாக இருந்தால், பர்னரின் ஜெட் துளை, அதாவது கேஸ் வெளிவரும் நுண்துளை, உங்கள் வண்டி கேஸுக்குப் பொருந்தும். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, அதே தயாரிப்பாளரின் குறைந்த அழுத்த இணைப்பைப் போட்டால் போதும். ரெகுலேட்டர் அதைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் வகையாக இருந்தால் ஜெட் துளையும் சிறியதாகவே இருக்கும். அப்போது ரெகுலேட்டரை எடுத்தாலும் தீ பலவீனமாகத்தான் எரியும். அதைச் சரிசெய்யத் துளையைப் பெரிதாக்கலாம் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். விட்டம் பத்து சதவீதம் கூடினால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. காற்றும் கேஸும் கலக்கும் விகிதம் கெட்டு, தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும். கார்பன் மோனாக்சைடும் கூடும்.

மூன்றாவது, கிரில்லின் சொந்த ரெகுலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதிக அழுத்த கேஸைக் கொடுப்பது. வண்டியின் ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டர் வாயிலேயே 'T' வடிவக் கிளை இணைப்பு ஒன்று போட்டு அதிக அழுத்த ஹோஸ் எடுக்கலாம். தனியாக ஒரு சிலிண்டரையும் வைத்துக்கொள்ளலாம். வண்டியை விட்டுத் தள்ளிச் சமைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வசதி.

தவறு எந்தப் பக்கம் நடந்தால் ஆபத்து என்பதை மனதில் வையுங்கள். குறைந்த அழுத்த கேஸை அதிக அழுத்த கிரில்லில் கொடுத்தால் சமையல் நடக்காது, அவ்வளவுதான். ரெகுலேட்டர் இல்லாத கிரில்லுக்கு அதிக அழுத்த ஹோஸை மாட்டினால் தீ ஆளுயரத்துக்கு எழும். வண்டியில் இரண்டு வகை ஹோஸும் இருந்தால் ஒவ்வொன்றிலும் நிறப் பட்டை ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியின் இணைப்பு அருகே "லோ பிரஷர்" என்ற ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்கும். கிரில்லின் அடியிலோ பின்புறமோ உள்ள தகட்டில் பர்னருக்கான அழுத்தம் அச்சிட்டிருக்கும். அங்கே "11 இன்ச் டபிள்யூ.சி." (மேலே சொன்ன நீர்மட்ட அழுத்தம்) என்று இருந்து, ரெகுலேட்டர் இல்லாமலோ கழற்றக்கூடியதாகவோ இருந்தால் உங்களுக்கு ஏற்றது. எதுவும் எழுதவில்லை என்றால், மாடல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாட்டும் முறையும் முக்கியம். கிரில்லின் குமிழ் மூடியிருக்கவேண்டும். இணைப்பின் தூசி மூடியைக் கழற்றி, வளையத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிளக்கைச் செருகுங்கள். "கிளிக்" என்று உட்காரவேண்டும். பிறகு இணைப்பின் வால்வைத் திறந்து, பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சமமாகக் கலந்து எல்லா மூட்டுகளிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. மூடி, கழற்றி, மீண்டும் மாட்டிப் பாருங்கள். அப்போதும் வந்தால் அந்த ஹோஸைப் பயன்படுத்தவே வேண்டாம். சமையல் முடிந்ததும் முதலில் வண்டிப் பக்கத்து வால்வை மூடி, ஹோஸில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து முடிந்த பின் கிரில்லின் குமிழை மூடுங்கள்.

பெரிய சிலிண்டரில் இன்னொரு தொல்லை உண்டு. வால்வைச் சட்டென்று முழுக்கத் திறந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு அமைப்பு அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தைக் குறைத்துவிடும். தீ குட்டையாகவே நிற்கும். எல்லாவற்றையும் மூடி, சிலிண்டர் இணைப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்த பிறகே குமிழைத் திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இனி எரிபொருள். கரியின் சுவைக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் ஆர்.வி. பயணத்துக்கு முதல் கிரில்லாக அதைச் சொல்லமாட்டோம். தணல் அடங்கவே பல மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பவேண்டியவருக்குச் சூடான சாம்பல் பெரும் தொந்தரவு. காட்டுத்தீ அபாயக் காலத்தில் பல முகாம்களில் முதலில் தடைசெய்யப்படுவது கரிதான். மூடும் வால்வு உள்ள கேஸ் அடுப்புகளுக்குப் பெரும்பாலும் விலக்கு தருவார்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விட்டுக்கொண்டிருக்கும். மணமே இல்லாத வாயு அது. கரி கிரில்லை இரவில் வண்டிக்குள்ளோ அதன் அடியிலோ வைக்கவே கூடாது.

மின்சார கிரில் 1,500 வாட் எடுக்கும். 120 வோல்ட் 30 ஆம்ப் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500, வாட்டர் ஹீட்டரின் மின் கம்பிச்சுருள் 1,400. கிரில்லையும் போட்டால் பிரேக்கர் விழும். ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சமைக்கலாம். பேட்டரியில் ஓட்டலாம் என்றால், 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி. நாற்பது நிமிடம் முழுச் சூட்டில் சமைத்தால் இன்வர்ட்டர் இழப்போடு 1,100 போய்விடும். மின் இணைப்புள்ள முகாம்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கே மின்சார கிரில் பொருந்தும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பி சூடேறும். தடித்த, குட்டையான கம்பியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் என்று முடிவானால் பி.டி.யூ. கேள்வி வரும். அந்த எண் கிரில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரிக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. தட்டு எவ்வளவு சூடாகும் என்பதைச் சொல்வதில்லை. வெபர் க்யூ 1200 கிரில்லுக்கு 8,500 பி.டி.யூ., 189 சதுர அங்குலத் தட்டு. ஒரு சதுர அங்குலத்துக்கு வெறும் 45. பெரிய கிரில்களுக்கு 80 முதல் 100 வரை வேண்டும் என்று சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டால் பாதிதான். ஆனாலும் அது நன்றாகவே வறுக்கும். கனமான வார்ப்பிரும்புத் தட்டு, இறுக்கமான மூடி, தட்டுக்கு மிக அருகில் பர்னர் இவைதான் காரணம். மெல்லிய தகட்டு உடலும் கம்பித் தட்டும் கொண்ட கிரில்லில் 12,000 பி.டி.யூ. இருந்தாலும் லேசான காற்றிலேயே சூடு பறந்துவிடும்.

நான்கு பேருக்கு 180 முதல் 220 சதுர அங்குலம் தட்டு போதும். 8,500 முதல் 12,000 பி.டி.யூ. வரை போதும். மூடி போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். இதில் அவசரப்பட்டால்தான் இறைச்சி தட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பவுண்டு புரொப்பேனில் சுமார் 21,500 பி.டி.யூ. உண்டு, 10,000 பி.டி.யூ. கிரில்லை முழுவேகத்தில் வைத்தால் இரண்டு மணி நேரம் வரும். 20 பவுண்டு சிலிண்டரில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

குளிர்ப் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள் பியூட்டேன் கார்ட்ரிட்ஜ் கிரில்லைத் தவிர்க்கவேண்டும். தண்ணீர் உறையும் 0 டிகிரி அருகிலேயே பியூட்டேன் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். உயரமான மலைகளில் காற்றின் அடர்த்தி குறைவதால் எந்த கிரில்லின் சூடும் குறையும். சமையல் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கம்பித் தட்டா, தட்டைக் கல்லா என்பது எதைச் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முட்டை, நறுக்கிய காய்கள், மீன் என்றால் தட்டைக் கல் சௌகரியம். தீ மறைந்திருப்பதால் காற்றும் அவ்வளவு பாதிக்காது. ஆனால் இரும்புக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்கவேண்டும், ஈரத்தில் துருப்பிடிக்கும், கனமும் அதிகம். முகாம் தரை பெரும்பாலும் சரிவாக இருக்கும். கல் சாய்ந்திருந்தால் எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடி வழியும். உயரம் மாற்றும் கால்கள் உள்ளதா என்று பாருங்கள். கல், கம்பி இரண்டையும் மாற்றிப் போடக்கூடிய மாடல்கள் கிடைக்கின்றன. நான்கு பேருக்கு அதுவே எங்கள் தேர்வு.

உடல் வார்ப்பு அலுமினியமாக இருந்தால் துரு பற்றிக் கவலையில்லை. மூடிக்குப் பூட்டு இருக்கிறதா, எண்ணெய் வடிதட்டு இழுத்து எடுக்க வருகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். வண்டி குலுங்கும்போது தட்டு மோதிப் பீங்கான் பூச்சு பெயரும். ஒரு துணியை இடையில் வைத்துக் கட்டினால் தப்பும்.

வண்டியின் பக்கச் சுவரில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் கிரில்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஃபைபர்கிளாஸ் சுவரும் அதன் ஸ்டிக்கர்களும் சூட்டில் உப்பிப் பிரியும். கீல் பக்கமாகச் சூடு வெளியேறும் மூடி என்றால் சுவருக்குத்தான் போகும். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, மேசை மேல் வைப்பதே நல்லது. வெயில் மறைப்புத் துணியின் கீழ் ஒருபோதும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் காற்றுத் துளைக்கும் சன்னலுக்கும் எதிரே வைத்தால் புகை உள்ளே இழுக்கப்படும். அந்தப் பக்கத்துச் சன்னல்களை மூடிவிடுங்கள்.

ஒரு பவுண்டு சிலிண்டர்களைப் பயணிகள் இருக்கும் இடத்தில் வைக்காமல், காற்றோட்டமுள்ள வெளி அறையில் நிமிர்த்தி வையுங்கள். ஒருமுறை உபயோகிக்கும் சிலிண்டரை மறுபடி நிரப்பாதீர்கள்; அதன் வால்வு அதற்காகச் செய்யப்பட்டதில்லை, நிரப்பிய பின் கசியக்கூடும். நிரப்புவதற்கென்றே விற்கும் சின்ன சிலிண்டர்கள் தனியே இருக்கின்றன.

சில மாதம் சும்மா கிடந்த கிரில்லைப் பற்றவைக்கும் முன் பர்னர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். சிலந்திகள் அதற்குள் கூடு கட்டும். வலை காற்றை மறித்தால் தீ மஞ்சளாகும், சில சமயம் குமிழ்ப் பக்கமே திரும்பி எரியும். நீளமான மென்தூரிகையால் துடைத்தால் போதும். பற்றவைக்கும் பொத்தான் ஈரத்தில் வேலைசெய்யாமல் போவது சகஜம். நீளமான லைட்டர் ஒன்று கூடவே இருக்கட்டும். மூடியைத் திறந்துவைத்தே பற்றவைக்கவேண்டும். ஐந்து விநாடியில் பற்றாவிட்டால் குமிழை மூடி ஐந்து நிமிடம் காத்திருங்கள். தேங்கிய கேஸ் புரொப்பேன் என்பதால் காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கி நிற்கும்.