டொயோட்டா ஐக்யூ: இடது சீட் மட்டும் கூடுதலாக முன்னே போகிறது, சீட் நகரும் தண்டவாளம் (ரெயில்) உடைந்துவிட்டதா?

உடையவில்லை. டிரைவர் சீட்டைவிட இடப்பக்க முன்சீட் அதிகம் முன்னே போகும்படிதான் ஐக்யூ என்ற இந்தக் குட்டிக் காரை வடிவமைத்திருக்கிறார்கள்.

2,985 மி.மீ. நீளத்துக்குள் மூன்று பெரியவர், ஒரு குழந்தை உட்கார வேண்டும். அதற்காக டிஃபரன்ஷியலை (இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இன்ஜினுக்கு முன்னால் கொண்டுபோனார்கள், பெட்ரோல் டேங்கைத் தட்டையாக்கித் தரைக்கடியில் வைத்தார்கள், இடப்பக்க டேஷ்போர்டையும் உள்வாங்கவிட்டார்கள். முன்சீட்காரரின் முழங்கால் அந்தக் குழிவுக்குள் போவதால் அவருக்குப் பின்னால் இன்னொரு பெரியவர் உட்காரலாம். டிரைவர் பக்கம் பெடல் இருக்கிறதே, எங்கே தள்ளுவது!

சந்தேகமென்றால் சீட்டை முன்னே தள்ளி, 'டக்'கென்று லாக் விழுந்ததும் இரு கையாலும் ஆட்டிப் பாருங்கள். நகர்ந்தால் லாக் தேய்ந்திருக்கலாம். சரிசெய்யும்வரை அதில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

பின்சீட்டை நிமிர்த்தினால் டிக்கி வெறும் 32 லிட்டர். நாலு பேரும் பெட்டியும் சேர்ந்து போக முடியாது.