வாழிடம் நன்றாக இருந்தால் விலங்குகளும் நிறைய இருக்குமா?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகப் புள்ளிமானின் வாழிடத் தகுதி வரைபடம் தயாரித்திருக்கிறேன். ஒரு காட்டுக்கு 0.8, அடுத்த காட்டுக்கு 0.4 என்று மதிப்பு வந்திருக்கிறது. முதல் காட்டில் இரண்டு மடங்கு மான்கள் இருக்கும் என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். 0.8 என்பது மான் கணக்கு அல்ல. ஏற்கெனவே மான் தென்பட்ட இடங்களின் மழை, சரிவு, புல், தண்ணீரோடு அந்தக் காடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு, அவ்வளவுதான். மேக்ஸென்ட் மாதிரி மென்பொருளில் மான் இருந்த பதிவுகளை மட்டும் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பதிவுகள் பெரும்பாலும் சாலையோரத்தில் கிடைத்தவையாக இருக்கும். அப்போது நாம் அதிகம் போய்வந்த இடத்தையே மான் விரும்பும் இடம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

வாழிடத் தகுதி சொல்வது ஓர் உச்ச வரம்பை. அந்தக் காடு எத்தனை விலங்குகளைத் தாங்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. அத்தனையும் அங்கே இருக்கின்றனவா என்பது வேறு கதை. மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை, காரணம் கள்ளவேட்டை. காடு அப்படியேதான் இருந்தது. வரைபடம் போட்டிருந்தால் நல்ல மதிப்புதான் வந்திருக்கும். அதே ஆண்டு பாந்தவ்கர், கன்ஹா காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், காவலையும் இறுக்கினார்கள். பிறகு அங்கே புலிகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். சென்னை கிண்டி தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே மான்கள் நெருக்கமாக இருப்பதை மட்டும் வைத்து, முதுமலையைவிட அது நல்ல வாழிடம் என்று சொல்லிவிட முடியாது. சுற்றிலும் நகரம், புலியோ செந்நாயோ இல்லை, வெளியே போக வழியும் இல்லை. அடர்த்தியை வைத்து வாழிடத்தின் தரத்தை எடைபோடாதீர்கள் என்று அமெரிக்கச் சூழலியலாளர் பீட்ரிஸ் வான் ஹார்ன் 1983லேயே எச்சரித்தார். நல்ல இடத்தை வலுத்தவை பிடித்துக்கொள்ள, இளையவை மட்டமான இடத்தில் போய்க் குவியும். அங்கே தலைகள் நிறைய இருக்கும், குட்டிகள் தேறாது.

பருவத்தையும் பாருங்கள். கோடையில் கபினி அணையில் நீர் வடிந்து புல் முளைக்கும்போது யானைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. மழை பிடித்ததும் கலைந்துவிடும். ஏப்ரலில் மட்டும் எண்ணினால் ஆண்டு முழுவதற்குமான அடர்த்தி கிடைக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இரண்டு காடுகளிலும் நேர்கோட்டுப் பாதை அமைத்து, கோடையிலும் மழைக்குப் பிறகும் அதிகாலையில் நடந்து எண்ணுங்கள். பாதைக்குக் குறுக்காக (செங்கோணத்தில்) கூட்டம் எவ்வளவு தள்ளி நின்றது என்பதையும் கூட்டத்தின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண் மான்களையும் குட்டிகளையும் தனித்தனியே எண்ணுவது மிக முக்கியம்; வாழிடத்தின் தரத்தை அந்த விகிதம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். அப்புறம் பாதை வாரியாகத் தகுதி மதிப்பை ஓர் அச்சிலும் அடர்த்தியை மற்றதிலும் வைத்துப் புள்ளிகள் இடுங்கள். பெரும்பாலும் நேர்கோடு வராது, முக்கோணம் போல் விரியும். ஆகவே சராசரிக்குக் கோடு போடாமல் மேல்விளிம்புக்குப் போடுங்கள். மதிப்பு உயர்ந்தும் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே கிடக்கும் புள்ளிகள்தான் உங்கள் ஆய்வின் உயிர். அந்த இடங்களுக்கு நேரில் போய்ச் சுருக்குக் கம்பி, மாட்டுப் பட்டி, நாய்த் தடம், வற்றிய குட்டை என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.