வக்கீல் அக்கா பதில்கள்: முதல் காகிதத்தை எழுதுவது யார்?

அக்கா, என் மகள் சட்டம் படிக்கிறாள். லீவுக்கு ஊருக்கு வந்தால் வீட்டில் தங்குவதில்லை; எண்ணெய்க் குழாய், ஹைட்ரோகார்பன் என்று கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். தூத்துக்குடியில் சுட்டுக் கொன்றார்களே, அந்த ஸ்னோலின் படத்தை பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. "போகாதே" என்று சொல்வது தப்பா?
- பெயர் வேண்டாம், குத்தாலம் பக்கம்

தப்பே இல்லை, தங்கச்சி. பெற்றவளுக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஸ்னோலினும் வக்கீலாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்தான். ப்ளஸ் டூ முடித்தவள், வயது 17. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கத்தான் வீட்டுக்காரர்களோடு நடந்து போனாள். குண்டு பின்கழுத்தில் நுழைந்து வாய் வழியாக வெளியே வந்தது என்கிறது பிரேதப் பரிசோதனை அறிக்கை. பின்கழுத்தில் குண்டு பாய்ந்த பெண், சுட்டவர்களை எப்படித் தாக்கிக்கொண்டிருந்திருக்க முடியும்? இந்த ஒரு வரியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 13 பேர். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் அதைச் சட்டமன்றத்தில் வைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று சொன்ன ஆணையம், 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உண்மை காகிதத்தில் ஏறுவதற்கே நாலு வருஷம் ஆனது. ஆனால் "கலவரக்காரர்கள்" என்ற வார்த்தை அன்று சாயங்காலமே டிவியில் ஓடிவிட்டது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கதிராமங்கலம் இருக்கிறது. 2017 ஜூன் 30-ம் தேதி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பாய்ந்தபோது, கேள்வி கேட்ட ஜனங்களுக்குத் தடியடிதான் கிடைத்தது. உங்கள் மகள் பேசுவது எங்கோ நடக்கிற விஷயத்தைப் பற்றி இல்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் மறியலில் அடிபட்ட ஒரு பையனை அவன் அப்பா என்னிடம் கூட்டி வந்தார். வலது மணிக்கட்டு கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வாய்க்கால் வெட்டும் கை அது. எஃப்.ஐ.ஆரை வாங்கிப் பார்த்தேன். "ஓடும்போது வரப்பில் தடுக்கி விழுந்ததில் காயம்" என்று எழுதியிருந்தார்கள். மறியல் நடந்தது தார் ரோட்டில். அங்கே ஏது வரப்பு? அந்தப் பையனின் அப்பா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எங்கம்மா அந்த வரப்பு?" என்று என்னைக் கேட்டார்.

அதனால் உங்கள் மகளிடம் "போகாதே" என்று சொல்வதைவிட, "தனியாகப் போகாதே" என்று சொல்லுங்கள். கூட ரெண்டு பேர் இருக்கட்டும். ஒரு வக்கீலின் நம்பரை போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் கையிலும் எழுதிக்கொள்ளட்டும். முதலில் பிடுங்குவது போனைத்தான். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலைமை என்றால் பெண் அதிகாரிதான், அதுவும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். இது அவளுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருந்தால், ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது குரல் நடுங்காது.

"தற்காப்புக்காகச் சுட்டோம்" என்று போலீஸ் சொல்லிவிட்டால் அதோடு வழக்கு முடிந்ததா?
- ஒரு வாசகர், திருவாரூர்

முடியவே கூடாது. 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், சுப்ரீம் கோர்ட் 16 நெறிமுறைகள் கொடுத்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் எஃப்.ஐ.ஆர் கட்டாயம். விசாரணையை சி.ஐ.டியோ வேறு ஸ்டேஷன் குழுவோதான் நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. பிரேதப் பரிசோதனையை ரெண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட துப்பாக்கியை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கிடையாது.

இதில் வீட்டுக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த வீடியோவை. துக்கத்தில் இருக்கும்போது "கையெழுத்துப் போட்டு பாடியை வாங்கிக்கிட்டுப் போங்க" என்பார்கள். வீடியோ எடுத்தார்களா என்று கேட்டுவிட்டு, அதன் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். புதைத்த பிறகு தோண்டி எடுத்துப் பார்க்கவாவது வழி உண்டு. எரித்துவிட்டால் மிஞ்சுவது அந்த அறிக்கையும் வீடியோவும்தான்.

வாட்டாக்குடி இரணியனைப் பற்றிக் கல்லூரியில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "அவன் ரவுடிடா, அதான் சுட்டாங்க" என்கிறார். எதை நம்புவது?
- ஒரு மாணவர், பட்டுக்கோட்டை

தம்பி, அவர் ரவுடி இல்லை. இயற்பெயர் வெங்கடாசலம். கடல் கடந்து சிங்கப்பூர் போய், நேதாஜியின் படையில் இருந்து, ஊர் திரும்பி விவசாயக் கூலிகளோடு நின்ற கம்யூனிஸ்ட். பண்ணையாளுக்கு, அதாவது நிலச்சுவான்தாரிடம் கட்டுண்டு உழைத்த கூலிக்கு, சாட்டையடியும் சாணிப்பாலும் கொடுத்த காலம் அது. சாணிப்பால் என்றால் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவது. உன் பேச்சில் இதை அவசியம் விளக்கு, உன் வயதுக்காரர்களுக்குத் தெரியாது.

கட்சி மீது அடக்குமுறை வந்ததும் தலைமறைவானார். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள்ளேயே 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு மே 5 அன்று வடசேரி பக்கம் இரணியனும் ஆம்பலாப்பட்டு ஆறுமுகமும் சுடப்பட்டார்கள். இரணியனுக்கு அப்போது சுமார் 30 வயதுதான். இன்னொரு தோழர் சாம்பவானோடை சிவராமன் கொல்லப்பட்டதும் அந்தச் சமயத்தில்தான். கையில் பிடித்து வைத்துக்கொண்டு சுட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வது. ரெண்டு வருஷம் கழித்து, 1952-ல், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதைக் கேட்டு அவர்கள் நின்றார்களோ, அதில் ஒரு பங்கை அரசே சட்டமாக்கியது. உன் பேச்சில் இந்த ரெண்டு தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வை.

என் அப்பாயி அப்போது கல்யாணமாகி வந்த புதிது. சாயங்காலம் மாட்டுக்குத் தீனி போடப் போகும்போது, ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் ரெண்டு பச்சை மிளகாயும் வைக்கோல்போருக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவாளாம். யாருக்கு என்று மாமியார் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. காலையில் வாளி கழுவிக் கவிழ்த்திருக்குமாம். அந்த மே மாதம் ஒரு நாள் காலையில் கஞ்சி அப்படியே இருந்தது. மேலே எறும்பு மொய்த்திருந்தது. அதைச் சொல்லும்போது தொண்ணூறு வயதிலும் அவள் குரல் இறங்கும்.

உன் தெருப் பெரியவரோடு சண்டை போடாதே. அவருக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று மட்டும் கேள். எண்பத்தைந்து தாண்டியவர்கள் உங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் இருப்பார்கள். பொங்கலுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி, இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பெயருக்கு அனுப்பு. அப்பாயி சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிற நோட்டோடு சேர்த்து வைக்கிறேன்.