அல்ஜீப்ரா கைடின் எச் இண்டெக்ஸ் 4 மட்டுமே. அவரிடம் பிஎச்.டி. சேரலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: ஊர் திருநெல்வேலிப் பக்கம். சேர நினைக்கும் கைடு அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராக்காரர், எச் இண்டெக்ஸ் 4. வேதியியலில் சேர்ந்த நண்பனின் கைடுக்கோ 27. நீங்கள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் யோசனையில் இருக்கிறீர்கள் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன்.

சேரலாம். எனக்கு இது கொஞ்சம் சுடுகிற கேள்வி. என்னுடைய எச் இண்டெக்ஸ் 3.

ஒருவரின் பேப்பர்களை மற்றவர்கள் தங்கள் பேப்பர்களில் எவ்வளவு குறிப்பிட்டிருக்கிறார்கள் (அதுதான் சைட்டேஷன்) என்று அளக்க, 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. குறைந்தது மூன்று சைட்டேஷன் வாங்கிய பேப்பர்கள் மூன்று இருந்தால் எச் 3. நான்குக்குப் போக, தலா நான்கு வாங்கியவை நான்கு வேண்டும். என் பேப்பர்கள் மொத்தம் 11. வாங்கிய சைட்டேஷன்: 64, 9, 5, 3, 3, 2, 1, மீதி நான்குக்கும் சைபர்.

அந்த 64-தான் என் வயிற்றெரிச்சல். அது ஒரு ஃபஸ்ஸி பேப்பர். ஓர் உறுப்பு பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கலாம் என்ற ஃபஸ்ஸி கணத்தை ஸாடே 1965-ல் கொண்டுவந்தார், 1971-ல் ரோஸன்ஃபெல்ட் அதைக் குரூப் என்ற அல்ஜீப்ரா அமைப்புக்குக் கொண்டுபோனார். அதற்கப்புறம் எந்த அல்ஜீப்ரா அமைப்பையும் எடுத்து முன்னால் ஃபஸ்ஸி என்று சேர்த்தால் பேப்பர் ஆகிவிடும் என்ற நிலை நம் பக்கம் வந்தது. என் ஸ்காலர் ஒருவர் தீசிஸ் சமர்ப்பிக்க ஒரு பேப்பர் குறைந்ததால், பத்தே நாளில் எழுதியது அது. (ஃபஸ்ஸிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல வேலை செய்கிறவர்கள் அதிலும் உண்டு. நான் சொல்வது என் பேப்பரைப் பற்றி.) அதே வழியில் எழுதுகிறவர்கள் ஏராளம், எல்லோரும் முன்னுரையில் வரிசையாக எல்லோரையும் குறிப்பிடுவார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் 64.

நான்கு வருடம் உட்கார்ந்து எழுதியது நியர் ரிங் பற்றிய பேப்பர். ரிங் தெரியும் அல்லவா, கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பு, அதில் பங்கீட்டு விதி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதும், கூட்டலில் வரிசை மாறினால் விடையும் மாறலாம் என்று தளர்த்திவிட்டால் நியர் ரிங். ஒரு குரூப்பிலிருந்து அதே குரூப்புக்குப் போகும் சார்புகளை எடுத்துக்கொண்டால் தானாகவே வந்து நிற்கும். இதில் வேலை செய்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அந்தப் பேப்பருக்கு 3 சைட்டேஷன். ஒன்று நானே போட்டது.

சில வருடங்களுக்கு முன் பதவி உயர்வு நேர்காணல். வெளியிலிருந்து வந்த நிபுணர் வேதியியல்காரர். என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "மூணா? பக்கத்துல ஒரு சைபர் விட்டுப் போச்சோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேதியியல்காரரே, உங்கள் பேப்பரில் எட்டுப் பேர் பெயர் இருக்கும், எங்களுடையதில் ஒன்றோ இரண்டோ. உங்கள் ரெஃபரன்ஸ் அறுபது, எங்களுடையது பன்னிரண்டு. பிறகு சைட்டேஷன் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோன்றியது.

ஜர்னலின் மதிப்பை அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டர், பேப்பர் வெளிவந்து இரண்டு வருடத்துக்குள் கிடைக்கும் சைட்டேஷனைத்தான் எண்ணுகிறது. கணிதத்தில் சுமார் 90 சதவீதம் அந்த இரண்டு வருடத்துக்கு வெளியேதான் விழுகிறது என்று சர்வதேசக் கணித ஒன்றியத்தின் 2008 அறிக்கையே சொல்கிறது. உடனே, உயிரோடு இருந்தபோது யாரும் கண்டுகொள்ளாத பிரெஞ்சுக் கணித மேதை கால்வாவை இழுக்கப் போவதில்லை, எச் குறைந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் இழுக்கிறார்கள். நம் காஞ்சிபுரத்துக் கணிதக்காரர் சேஷாத்ரியைச் சொல்கிறேன். பாலினாமியல் ரிங்கின் மீதான புரொஜெக்டிவ் மாட்யூல்கள் எல்லாம் ஃப்ரீயா, அதாவது வெக்டர் வெளிக்கு இருப்பதுபோல் அவற்றுக்கும் பேசிஸ் உண்டா, என்று பிரெஞ்சுக் கணிதக்காரர் செர் கேட்டது 1955-ல். இரண்டு மாறிகளுக்கு ஆமாம் என்று சேஷாத்ரி 1958-ல் நிரூபித்தார். எத்தனை மாறிகளானாலும் ஆமாம் என்று குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியாகக் காட்டியது 1976-ல். நடுவில் 18 வருடம். அதற்காக நானும் சேஷாத்ரியும் ஒன்று என்று சொல்லவரவில்லை, கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று, 2023-ல் சைட்டேஷனை எண்ணித் தரும் க்ளாரிவேட் நிறுவனம் அதிக சைட்டேஷன் பெற்றவர்கள் பட்டியலிலிருந்து கணிதத்தையே எடுத்துவிட்டது. ஆள் குறைந்த துறை என்பதால் எண்ணிக்கையைச் செயற்கையாக ஏற்றுவது சுலபம் என்பதுதான் காரணம்.

வெளியில்தான் மதிப்பில்லை, சொந்தக்காரர்களாவது விடுகிறார்களா? போன வருடம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். "அண்ணாச்சி கணக்கு வாத்தியார்லா, மொய் நோட்ட அவங்ககிட்ட குடுங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். பந்தி முடிந்து பார்த்தால் 500 ரூபாய் இடிக்கிறது. மூன்று தடவை கூட்டினேன், மூன்று விடை. கடைசியில் என் பையிலிருந்து போட்டேன். முப்பது வருடமாகக் கூட்டல் எனக்கு ஒரு பைனரி ஆபரேஷன் (இரண்டைக் கொடுத்தால் ஒன்றைத் தரும் விதி), அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். எச் குறைந்தவரெல்லாம் மேதை என்று நினைத்துவிட வேண்டாம். சும்மாவே இருந்து 2-ல் நிற்பவர்களும் உண்டு, என் மனைவி என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பாள். உங்கள் கைடின் பெயரை இசட்பிமேத் (zbMATH) என்ற கணிதப் பேப்பர்களின் இணையத் தொகுப்பில் தேடுங்கள். 2021 முதல் அது எல்லோருக்கும் இலவசம். அவர் பேப்பர் பற்றி இன்னொரு கணிதக்காரர் மதிப்புரை எழுதியிருந்தால் படியுங்கள். பிறகு ஒரு பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு போய், நடுவில் உள்ள லெம்மா (துணைத் தேற்றம்) புரியவில்லை என்று கேளுங்கள். எழுந்து போர்டுக்குப் போகிறாரா, சாயங்காலம் வா என்கிறாரா என்று பாருங்கள்.

எனக்கு ஒரு தடவை ஆஸ்திரியாவின் லின்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நியர் ரிங்குக்கு அது பெரிய இடம், நியர் ரிங் பற்றிப் புத்தகம் எழுதிய பில்ஸ் இருந்த ஊர். என் நான்காவது லெம்மாவில் ஓர் இடம் புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். பார்த்தால் உண்மையிலேயே ஓட்டை. காலாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அடைத்து அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி வந்தது. சைட்டேஷன் வரவில்லை.

கடைசியாக, அவரிடம் முன்பு படித்த ஸ்காலர்களைப் பிடித்து, டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேட்டுவிடுங்கள். எனக்கு இரண்டு மாதம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன்.