கணக்குக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலை: கொழும்புக்குப் புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. கணவர் கொட்டாஞ்சேனைக்காரர், மகளுக்கு இலங்கைக் குடியுரிமை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலையில் ஆறாம் தரத்தில் சேர்த்திருக்கிறீர்கள். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இல்லை, பிள்ளை பாதி நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள். போன வாரம் ஒரு ஹாலிவுட் படம் பார்த்தீர்கள். பிட்ஸ்பர்க் நகரில் ஒரு தாயும் ஓர் ஆசிரியையும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைத் திரட்டி, உருப்படாமல் போன பள்ளிக்கூடத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவருகிறார்கள். “இங்கேயும் அப்படிச் செய்யலாமா? யாரிடம் போவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியே செய்ய முடியாது. பெற்றோர் பள்ளியைக் கையில் எடுக்க இடம் தரும் சட்டம் இலங்கையில் இல்லை. சொல்லப்போனால் பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியாவிலும் கிடையாது. படத்துக்கு முன்மாதிரி கலிபோர்னியாவில் 2010 இல் வந்த சட்டம். தொடர்ந்து பின்தங்கும் பள்ளியில் பாதிக்கு மேற்பட்ட பெற்றோர் கையெழுத்திட்டால் நிர்வாகத்தை மாற்றக் கேட்கலாம் என்றது அது. அங்கேயே காம்ப்டனில் போன முதல் மனு கையெழுத்துச் சரிபார்ப்பில் சிக்கி நின்றுவிட்டது. அடெலான்டோவில் சிலர் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறப் பார்த்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2013 இல்தான் பள்ளி கைமாறியது. படம் அதையெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இலங்கையின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 1960, 1961 சட்டங்களால் மிஷன்களும் சமய அமைப்புகளும் நடத்திய உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கவும் வழியில்லாமல் போனது. இங்கே தெருவுக்குத் தெரு காணும் ‘இன்டர்நஷனல் ஸ்கூல்’ எல்லாம் கம்பனியாகப் பதிவானவை என்பது அதனால்தான். ஆகவே அரச பாடசாலையைப் பெற்றோர் கையில் எடுப்பது என்ற பேச்சே வேண்டாம். அதை ஒழுங்காக வேலை செய்யவைப்பது வேறு விஷயம், அதற்கு வழி இருக்கிறது.

ஊர்ப் பழக்கத்தில் ஒரு தவறு செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழு என்றால் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரில் ஒருவர். இங்கே இருப்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பேச்சில் ‘எஸ்.டி.எஸ்.’ அதன் தலைவர், பதவி வழியாகவே, அதிபர். அதிபர் என்றால் ஜனாதிபதி இல்லை, நம் ஊர்த் தலைமை ஆசிரியர். ஆக அவரை எதிர்த்துச் சங்கத்தில் தீர்மானம் போடலாம் என்று கிளம்பினால், அந்தக் கூட்டத்துக்கே அவர்தான் தலைமை தாங்குவார். அவரைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு நகர்வதுதான் புத்தி. பெரும்பாலும் அவரும் ஆள் கேட்டு எழுதி எழுதிச் சலித்தவராகவே இருப்பார். மேலதிகாரியை எதிர்த்துப் பத்திரிகையில் பேச அவரால் முடியாது, உங்களால் முடியும்.

இந்தப் பாடசாலைகள் ஏன் நலிகின்றன என்பது விளங்கினால் எங்கே தட்டுவது என்று தெரிந்துவிடும். ஆசிரியர் எண்ணிக்கையை ‘ஆளணி’ என்பார்கள். அது பிள்ளைகளின் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். வசதியுள்ள வீட்டார் இன்டர்நஷனலுக்கு மாற்றுகிறார்கள். பிள்ளைத் தொகை குறைய ஆளணி குறைகிறது, மிஞ்சிய ஆசிரியரை ‘மேலதிகம்’ என்று வேறிடத்துக்கு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து இன்னும் பத்துக் குடும்பம் விடுகைப் பத்திரம் (நம் ஊர் டி.சி.) வாங்குகிறது. உங்கள் மகள் சரியாக இந்த உடைப்பு விழும் ஆறாம் தரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

இதோடு ‘இணைப்பு’ என்று ஒரு வியாதியும் உண்டு. ஆசிரியரின் நியமனம் இந்தப் பாடசாலைக்கு இருக்கும், சம்பளப் பட்டியலில் பெயரும் இருக்கும். ஆனால் தற்காலிக இணைப்பில் அவர் வேறொரு பாடசாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்வார். தாளில் வெற்றிடம் இல்லை, வகுப்பில் ஆள் இல்லை. அலுவலகத்தில் “உங்களுக்குக் கணித ஆசிரியர் இருக்கிறாரே” என்று சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, யாருடைய பாடசாலை என்று பாருங்கள். வாசல் பெயர்ப்பலகையில் ‘தேசிய பாடசாலை’ என்று இருந்தால் அது பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் வரும். இல்லாவிட்டால் மாகாணப் பாடசாலை. அதற்கு வரிசை: அதிபர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், மேல் (அதாவது மேற்கு) மாகாணக் கல்வித் திணைக்களம். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தல என்று நான்கு வலயங்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை எல்லாம் கொழும்பு வலயம். மாகாணப் பாடசாலைக்கு ஆள் கேட்டு இசுருபாயவுக்குப் பஸ் ஏறினால் “வலயத்துக்குப் போங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள், ஒரு நாள் வீண். மாகாண சபை உறுப்பினரைப் பிடிக்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். 2019 இல் மேல் மாகாண சபையின் காலம் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை, மாகாணம் ஆளுநரின் கீழ் ஓடுகிறது.

இனி வேலை. கையெழுத்து வாங்கக் கிளம்புவதற்கு முன் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட நோட்டு) வாங்குங்கள். மகளின் நேரசூசியை, அதாவது கால அட்டவணையை, பாருங்கள்: ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை என்றால் வாரத்துக்கு 40. கொப்பியில் ஐந்தே நிரல் போடுங்கள்: திகதி, பாடவேளை, பாடம், பாட ஆசிரியர் வந்தாரா, வராவிட்டால் என்ன நடந்தது. கடைசி நிரலில் ‘வேறு டீச்சர் வந்து பார்த்துக்கொண்டார்’, ‘ஒன்பதாம் தர அண்ணா வந்து நின்றார்’, ‘மைதானத்துக்கு விட்டார்கள்’ என்று பிள்ளை சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். அதே வகுப்பில் இன்னும் இரண்டு வீட்டில் தனித்தனியாக இதே கொப்பியை வைத்திருக்க வேண்டும், மூன்றும் ஒத்துப்போனால்தான் நம் பேச்சு எடுபடும். அந்தக் கணக்கில் மூன்று கிழமையில் (இங்கே கிழமை என்றால் வாரம்) 120 பாடவேளை. அதில், உதாரணத்துக்கு, 27 வெறுமை, அந்த 27 இல் 15 கணிதம் என்று காட்டினால் எந்தப் பணிப்பாளரும் “பெற்றோர் சும்மா சத்தம் போடுகிறார்கள்” என்று சொல்ல முடியாது. ‘படிப்பே நடக்கிறதில்லை’ என்று 300 கையெழுத்தோடு போகும் கடிதம் கோப்பில் படுத்துக்கொள்ளும்.

அதற்கிடையில் எஸ்.டி.எஸ். சந்தாவைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிவிடுங்கள். சின்னத் தொகைதான், ஆனால் உறுப்பினராக இல்லாதவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாய் திறந்தால் அதையே காரணம் காட்டி உட்கார வைப்பார்கள். பொதுக்கூட்டத்துக்கு வழக்கமாக வருவது கொஞ்சப் பேர்தான். உங்கள் வகுப்பிலிருந்து பதினைந்து பேர் சேர்ந்து வந்தாலே செயற்குழுவில் இரண்டு இடம் எடுக்கலாம். செயற்குழுவில் நுழைந்ததும் கேட்க வேண்டியவை பாடசாலையின் ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டமும் அந்த ஆண்டின் அமுலாக்கத் திட்டமும். எழுதப்பட்ட திட்டத்தில் இல்லாத எதற்கும் காசு நகராது. பழைய மாணவர் சங்கத்தையும் இந்தத் தாள்களோடு சந்தியுங்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்து வரும் காசு பெரும்பாலும் நுழைவாயில் வளைவாகவும் பெயர்ப்பலகையாகவும் மாறிவிடும். மாணவிகளின் கழிவறையில் தண்ணீர் வராதது அவர்களுக்குத் தெரியாது, யாரும் எழுதிச் சொல்லவும் மாட்டார்கள்.

ஆசிரியர் இல்லாத பாடத்துக்குச் சங்கக் காசில் ‘தொண்டர் ஆசிரியர்’ வைக்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் வலய அலுவலகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வேண்டாம். நேரசூசியில் அவர் பெயரைப் போட்டுக் கட்டத்தை நிரப்பிவிட்டால் வெற்றிடமும் மறைந்துவிடும். வலயத்துக்குப் போகும் விவரத் தாளில் ‘நிரந்தர ஆசிரியர் இல்லை’ என்று தொடர்ந்து எழுதும்படி அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டியூட்டரிக்கு அனுப்புவதும் இதே விளைவைத்தான் தருகிறது: பிள்ளையின் புள்ளி தப்பும், பாடசாலையின் ஓட்டை வெளியே தெரியாது. அதற்காக மகளை அனுப்பாமல் இருக்கச் சொல்லவில்லை. அனுப்புங்கள், கொப்பியை நிறுத்தாதீர்கள்.

கொப்பி மூன்று கிழமை ஓடியதும் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். இலங்கைச் சட்டம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இங்கே ஒரு முக்கியமான விஷயம்: இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்குத்தான். நீங்கள் இந்தியக் கடவுச்சீட்டில் இருக்கும்வரை விண்ணப்பத்தில் கணவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பெயரில் போனால் அதையே காரணமாக்கித் தள்ளிவிட இடம் கொடுத்தவராவீர்கள். இந்தியாவில் போல விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் கட்ட வேண்டியதில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் வேண்டியதில்லை.

வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். இந்தப் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி பாடவாரியாக எத்தனை, இன்றைய திகதியில் கடமையில் இருப்பவர் எத்தனை, வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து, இங்கே நியமனம் பெற்று வேறிடத்தில் இணைப்பில் இருப்பவர் எத்தனை பேர், எந்தக் கடிதத்தின்படி, ஆசிரியர் கேட்டு அதிபர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். இவ்வளவு போதும். ‘ஏன் ஆசிரியர் போடவில்லை’ என்று எழுதினால் ‘நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்று ஒரு வரி வரும், அதோடு சரி.

14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலர்’ என்ற, மேன்முறையீட்டைக் கேட்கும் அதிகாரிக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பல இடங்களில் முதல் மேன்முறையீட்டோடு தாள் வந்துவிடும். இந்தத் தவணைகளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள், தவறவிடுவது பெரும்பாலும் நாம்தான்.

பதில் கிடைத்த பிறகே வலயப் பணிப்பாளருக்குக் கடிதம். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை: இந்தத் திகதியிலிருந்து வெற்றாக உள்ள கணித ஆசிரியர் இடத்தை நிரப்புங்கள், அல்லது இணைப்பில் உள்ளவரைத் திருப்பி அனுப்புங்கள். ஆங்கிலம், கழிவறை, மேசை கதிரை எல்லாம் அதே கடிதத்தில் திணித்தால் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு மிச்சத்தை மறந்துவிடுவார்கள். பின்னிணைப்பாகக் கொப்பியின் பிரதியும் தகவல் பதிலும். கடிதம் அதிபர் ஊடாகப் போகட்டும், முற்பிரதி ஒன்று நேரடியாக. தமிழில் எழுத உரிமை உண்டு, தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் மேலே நாலு வரியில் சிங்களச் சுருக்கம் ஒன்று வைத்தால் மொழிபெயர்ப்புக்கென்று மேசைமேல் காத்துக் கிடக்காது. பழகிய யாராவது எழுதித் தருவார்கள்.

நேரமும் முக்கியம். ஆசிரியர்களின் வருடாந்த இடமாற்றப் பட்டியல் தயாராகும் முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். பட்டியல் முடிந்தபின் போனால் அடுத்த ஆண்டுதான். ஆகவே பாடசாலையின் கடைசித் தவணைவரை காத்திருக்காதீர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்து மூன்று. பெயர் போடாத பெட்டிசம்: அலுவலகம் அதைத் தூக்கி வைத்துவிட்டு யார் எழுதினார்கள் என்று தேடும், ஆசிரியர்கள் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். அதிபரையோ ஒரு ஆசிரியரையோ பெயர் சொல்லித் தாக்குவது: ஆள் பற்றாக்குறை என்ற விஷயம் ஆள் சண்டையாக மாறிவிடும், தொழிற்சங்கமும் உள்ளே வரும். மூன்றாவது வாசலில் போராட்டம். தொலைக்காட்சி வரும், ஒரு கிழமைக்கு ஓர் ஆசிரியரை அனுப்பி வைப்பார்கள், கமரா போனதும் அவரும் போய்விடுவார். தகவல் பதில் கையில் இருந்து, வலயத்துக்கு எழுதி, ஒரு மாதம் மௌனம் என்றால் அப்போது வாசலுக்கு வரலாம். பேசுவதற்குத் தாள் இருக்கும்.

காசு விஷயம் தனி. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவென்று பற்றுச்சீட்டு இல்லாமல் யாராவது பணம் கேட்டால் சங்கத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. மற்ற முறைப்பாடுகளுக்குக் கல்வி அமைச்சின் 1988 இருக்கிறது. அழைத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மகளை வேறு பாடசாலைக்கு மாற்றுவதையும் கேட்டிருந்தீர்கள். இடைத் தரங்களுக்கு வெற்றிடம் இருந்தால்தான் இடம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் எல்லோரும் முண்டுவதால் அது சுலபம் இல்லை. விண்ணப்பித்து வையுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் இடம் உறுதியாகக் கையில் வரும்வரை விடுகைப் பத்திரத்தை எடுக்காதீர்கள். எடுத்தபின் இங்கும் இல்லை அங்கும் இல்லை என்று ஒரு தவணை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொன்று, நீங்கள் தனியாகப் போகாமல் கொப்பி எழுதிய மற்ற இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எங்கே எதைக் கொடுத்தாலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் வாங்குங்கள். “சீல் இல்லை, நாளைக்கு வாங்க” என்றால் அங்கேயே நிற்காமல் பக்கத்துத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டு, அந்தச் சிட்டையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.