சொல்லுங்க பார்ப்போம்

அன்புள்ள ஐயா,
அப்பா செவ்வாய்ப்பேட்டையில் 40 வருடம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் தேதி, பேரன்கள் பெயர் எல்லாம் கேட்டுப் பயிற்சி கொடுக்கிறோம். சாயங்காலமானால் பட்டறைக்குப் போகணும் என்று கிளம்பிவிடுகிறார். கதவைப் பூட்டி வைப்பது தப்பா? வல்லாரை கொடுக்கலாமா?
க., சேலம்

அன்புள்ள க.,

வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். அவ்வளவுதான். தைராய்டும் பி12-ம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய முடியும். உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை இது. இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேருக்கு இருப்பதாக 2023இல் ஒரு கணக்கு வந்தது.

என்னை உறுத்தியது அந்தக் காலைப் பயிற்சி. அம்மாப்பேட்டையில் என் பெரிய அத்தைக்கும் இதே நோய்தான். ஆடிப் பண்டிகைக்கு வந்த சொந்தமெல்லாம் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னை யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பார்ப்போம்" என்றது. "தெரியாம என்ன, உட்காரு, சாப்டியா?" என்றார் அத்தை. என்ன சாமர்த்தியம்! பெயர்தான் போயிருந்தது, உபசாரம் போகவில்லை. விட்டார்களா? "அதெல்லாம் இருக்கட்டும், பேரைச் சொல்லுங்க." அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். யார் வந்தார்கள் என்பது சற்று நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. அவமானம் மட்டும் ராத்திரி வரை இருந்தது. சோற்றைத் தொடவில்லை.

இந்த நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது, புதிதாக ஒன்றை மனதில் பதியவைக்கும் திறன். இன்றைய தேதி உங்கள் அப்பாவுக்குள் பதியவே இல்லை. பதியாததை எங்கிருந்து எடுத்துச் சொல்வார்? நீங்கள் கேட்கக் கேட்க அவர் தினமும் ஒருமுறை தோற்கிறார். பட்டறையில் அத்தனை பேருக்கு வேலை சொன்ன மனிதரைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்காரவைத்துக் கேட்க எப்படி ஐயா மனசு வருகிறது? "அப்பா, உங்க பேரன் வந்திருக்கான்" என்று பெயரையும் நீங்களே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? கை பழகிய வேலை சீக்கிரம் போகாது. பழைய கொலுசுகளைக் கொடுத்து ஜோடி சேர்க்கவிடுங்கள். தப்பாகச் சேர்த்தால் திருத்தாதீர்கள்.

பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? அவரைத் தனியாக உள்ளே வைத்து வெளியே பூட்டவே கூடாது. சாயங்காலம் தடுமாற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். கிளம்பினால் நீங்களும் கூடவே லீ பஜார் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும்.

அப்புறம், அவரைக் குளிப்பாட்டுவது யார், ராத்திரி விழித்திருப்பது யார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் மனைவி என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பாவை நீங்கள் பாருங்கள். யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, அன்றைக்குத் தேவைப்படும்.